பூட்டை இழுத்துப் பார்த்தாயா?

என் அப்பா ஊருக்குக் கிளம்பும் வைபவத்தை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே பெட்டி வாசலுக்கு வந்துவிடும். "கேஸ் மூடியாச்சா? மோட்டார் நிறுத்தியாச்சா?" என்று விசாரணைக் கமிஷன் நடக்கும். அப்புறம் கதவைப் பூட்டுவார். பூட்டைப் பிடித்து ஓர் இழு. இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி ஏறி, இன்னோர் இழு. ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "ஒருநாள் அந்தப் பூட்டு உங்க கையோட வரப்போகுது" என்பாள். ஆட்டோக்காரரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் வரைக்கும்.

எனக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர் புரோகிராம். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். கம்பெனி பெயர் சத்தியமாக வேண்டாம். சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.) நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு இன்று மாலை ஆறு மணிக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். "காலை 7 மணிக்கு வரவும், வெறும் வயிற்றில் வரவும்" என்கிற மாதிரி. இந்த ஆறு மணி சமாசாரம் அடியேனுடைய இலாகா.

அதில் ஒரு திருத்தம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். சோதித்துப் பார்க்க வேண்டுமே? நிஜ நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்பி விளையாட முடியாது. அதனால் ஒரே ஒரு வரி சேர்த்தேன். யாருக்குப் போகிற மெசேஜாக இருந்தாலும் என் செல் நம்பருக்கு வரட்டும் என்று. பக்கத்தில், 'நாளைக்கு எடுக்கணும்' என்று எனக்கு நானே குறிப்பும் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம். மானேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஆச்சா?"

"ஆச்சு சார்."

எங்கள் தொழிலில் 'கமிட்' என்று ஒன்று உண்டு. செய்த திருத்தங்களை எல்லாம் கட்டி, முத்திரை குத்தி, சரித்திரத்தில் ஏற்றுவது. ரிஜிஸ்திரார் ஆபீஸில் பத்திரம் பதிகிற மாதிரி. 'இருக்கிற எல்லாவற்றையும் சேர்' என்று ஒரு கட்டளை, 'சின்னத் திருத்தம்' என்று ஒரு குறிப்பு, கமிட். மொத்தம் ஆறு விநாடி. விதிப்படி இதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து சீட்டு நண்பர் திறந்தார். பதினான்கு ஃபைல், தொள்ளாயிரம் வரி மாறியிருக்கிறது என்று காட்டியது. நான் மாற்றியது என்னவோ கொஞ்சம்தான். என் எடிட்டர், 'உதவி செய்கிறேன் பேர்வழி' என்று எல்லா வரிகளின் இடைவெளியையும் அழகுபடுத்தி வைத்திருந்தது. நண்பர் மூன்று பக்கம் உருட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு மாப்ளே" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ் பிடிக்க ஓடினார்.

மறுநாள் மாலை ஆறு மணி. டீக்கடையில் நிற்கிறேன். கையில் வாழைக்காய் பஜ்ஜி. டிங்!

'நாளை காலை 7.30 மணிக்கு உங்களுக்கு டயாலிசிஸ்.'

என்னையறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டிங்! 'நாளை 9 மணிக்கு உங்கள் ஐந்தாம் மாத ஸ்கேன்.' டிங்! 'நாளை கண்புரை ஆபரேஷன். இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிட வேண்டாம்.' ஒரே பஜ்ஜிக்குள் எனக்குச் சிறுநீரகம் போய், ஐந்து மாதமாகி, கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. டீ மாஸ்டரிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று செல்போனைத் திருப்பினேன்.

அப்போதுதான் உறைத்தது. இது எனக்கு வந்தது என்றால், அவர்களுக்குப் போகவில்லை.

*

மொத்தம் 212 மெசேஜ். ஆபீஸுக்கு ஓடினேன். அரைமணியில் பெயர்ப் பட்டியல் எடுத்து, ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இரண்டு பெண்கள், இங்கே மானேஜரும் நானும், ஆளுக்கு ஒரு போன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். இரவு பத்தரை வரைக்கும்.

டயாலிசிஸ்காரர் ஒரு பெரியவர். மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "வாரத்துல மூணு நாள் வர்றேன் தம்பி. மெசேஜ் வந்தாத்தான் வருவேன்னு இருந்திருந்தா, எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

ஒரே ஓர் அம்மாவை மட்டும் பிடிக்க முடியவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கண் ஆபரேஷன் இல்லை, வயிற்றில் ஆபரேஷன். வெளியூர். நாலு மணி நேர பஸ் பயணம். மறுநாள் விடியற்காலை கிளம்பும்போது, பாவம், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே. பத்து நாள் தள்ளிப் போயிற்று. கூட வந்த பெண், மில்லில் லீவு போட்டுவிட்டு வந்தவளாம். அந்த லீவுக்குச் சம்பளம் கிடையாதாம்.

அவர்களிடம் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. 'கம்ப்யூட்டர் கோளாறு' என்றார்கள். கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்தது.

மானேஜர் திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலை.) வெள்ளிக்கிழமை காலை என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சாதனத்தைத் திறந்தார். திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் நேற்று வரை இருந்தது, வலது பக்கம் நான் மாற்றியது. போன வரி சிவப்பு, வந்த வரி பச்சை. தொள்ளாயிரம் வரியும் ஹோலிப் பண்டிகை மாதிரி இருந்தது. 'இடைவெளி வித்தியாசங்களைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு பட்டனைத் தட்டினார். தொள்ளாயிரம் பதினொன்றாகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றில் ஒன்றாக, பச்சைப் பசேலென்று, பத்து இலக்கத்தில், என் செல் நம்பர்!

"பத்து செகண்ட் வேலைப்பா" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

*

இந்தச் சிவப்பு பச்சை வித்தைக்குத் தாத்தா ஒருவர் உண்டு. பெயர் 'டிஃப்'. 1970-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பெல் லேபரட்டரியில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. 1974-ல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளியே வந்தது. அடிப்படைக் கணக்கை அவரும் ஜேம்ஸ் ஹன்ட் என்பவரும் 1976-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அப்போது வண்ணமெல்லாம் கிடையாது. இந்த வரி போச்சு, இந்த வரி வந்தது என்று வெறும் எழுத்தில் சொல்லும்.

உள்ளே என்ன நடக்கிறது? போன மாத மளிகை லிஸ்ட்டையும் இந்த மாத லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அதே வரிசையில் வருகிற சாமான்களை, எவ்வளவு அதிகமாக முடியுமோ அவ்வளவு, அடிக்கோடிடுங்கள். அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாய். பழைய லிஸ்ட்டில் கோடு விழாமல் நிற்பது நீங்கியது. புதிய லிஸ்ட்டில் கோடு விழாமல் நிற்பது சேர்ந்தது. அவ்வளவுதான் சூத்திரம். நூறு வரிக்கு நாமே செய்யலாம். லட்சம் வரிக்கு மூளை வேண்டும். யூஜின் மையர்ஸ் என்கிறவர் 1986-ல் வேகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இன்று உலகமெல்லாம் புரோகிராமர்கள் உபயோகிக்கிற 'கிட்', நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், இவர் வழியில்தான் ஒப்பிடுகிறது. இதே மனிதர்தான் 1990-ல் இன்னும் நான்கு பேரோடு சேர்ந்து மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் 'பிளாஸ்ட்' என்ற முறையையும் கொடுத்தார். டி.என்.ஏ. ஆனாலும் மளிகை லிஸ்ட் ஆனாலும், எது பொருந்துகிறது, எங்கே மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் காரியம் நடக்கும்.

'சரி, ஒரு வரியில் என்ன குடிமுழுகிப் போகும்' என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதைகள்.

ஒன்று: 2014 பிப்ரவரி. ஆப்பிள் கம்பெனி தன் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நீங்கள் பார்க்கிற வெப்சைட் நிஜமானதுதானா, போலியா என்று கையெழுத்தைச் சரிபார்க்கிற பகுதி அது. 'தப்பு வந்தால் வெளியே போ' என்கிற ஒரு வரி, அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தது. முதல் வரி, தப்பு வந்தால்தான் வெளியே போகும். இரண்டாவது வரிக்கு நிபந்தனையே இல்லை. எப்போதும் வெளியே போகும். அதற்குக் கீழே இருந்த கடைசிக் கையெழுத்துச் சோதனை நடக்கவே இல்லை. 'எல்லாம் சரி' என்றே பதில் வந்தது. தலை ஓரத்தில் சமமாக நின்ற இரட்டைப் பிள்ளை மாதிரி அந்த வரி. மொத்த ஃபைலையும் படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போகும். வித்தியாசத்தை மட்டும் காட்டுகிற திரையில் தனியாக மாட்டிக்கொள்கிற ரகம்.

இரண்டு: 2003 நவம்பர். லினக்ஸின் மூலப் புரோகிராம் அப்போது பிட்கீப்பர் என்ற முறையில் பாதுகாக்கப்பட்டது. வசதிக்காக அதன் நகல் ஒன்று சி.வி.எஸ். என்ற வேறொரு முறையில் தனியாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நகல் இருந்த இடத்துக்குள் புகுந்து இரண்டே இரண்டு வரி சேர்த்துவிட்டார். பார்வைக்குச் சாது. 'பயனாளியின் எண் பூஜ்யமா?' என்று கேட்பது போல இருக்கும். கேட்பதற்கு இரண்டு சமக்குறி போட வேண்டும். அந்த ஆசாமி ஒன்றுதான் போட்டிருந்தார். ஒன்று போட்டால் கேள்வி இல்லை, கட்டளை. 'பயனாளியின் எண்ணைப் பூஜ்யமாக்கு!' லினக்ஸில் பூஜ்யம் என்றால் சர்வாதிகாரி. விஷயம் தெரிந்தவன் எந்தக் கம்ப்யூட்டரிலும் முதலாளி ஆகிவிடலாம். எப்படிப் பிடிபட்டது? அசலையும் நகலையும் ஒப்பிட்டபோது, அசலில் இல்லாத வரி நகலில் இருந்தது. அவ்வளவுதான். எந்த ஷெர்லக் ஹோம்ஸும் வரவில்லை. ஒரே ஒரு சமக்குறி குறைவு, ஓர் ஒப்பீடு.

*

நாம் எழுதினதை நாமே படித்தால் தப்பு ஏன் தெரிவதில்லை? நாம் எழுதினதை நாம் படிப்பதில்லை சார். எழுத நினைத்ததைப் படிக்கிறோம். இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்துக்கும் புரூஃப் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். நான் பத்துத் தடவை படித்து அனுப்பினதில், 'பழம்' 'பலம்' ஆகியிருப்பதை அவர் காப்பி ஆறுவதற்குள் பிடித்துவிடுவார். அவர் அதிபுத்திசாலி என்பது ஒருபுறம் இருக்க, அவர் நான் இல்லை. அதுதான் விசேஷம்.

அந்த இரண்டு பக்கத் திரை செய்வதும் இதைத்தான். பழக்கமான வரிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மாறியதை மட்டும் வண்ணம் பூசி, வேறு வடிவத்தில் முன்னால் நிறுத்துகிறது. ஐந்து நிமிஷத்துக்கு நம்மை எழுதினவன் நாற்காலியிலிருந்து எழுப்பி, படிக்கிறவன் நாற்காலியில் உட்கார வைக்கிறது. இதை கமிட்டுக்கு முன்னால் செய்தால் செலவு ஐந்து நிமிஷம். பின்னால் செய்தால், எனக்கு ஆன மாதிரி, 212 போன்.

சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸில் வின்மெர்ஜ், லினக்ஸில் மெல்டு, இரண்டிலும் கேடிஃப்3. மூன்றும் இலவசம். காசு கொடுத்தால் பியாண்ட் கம்பேர். வி.எஸ். கோடில் உள்ளேயே இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அடிபட்டுக் கற்ற பாடங்கள் மட்டும் இங்கே:

1. 'எல்லாவற்றையும் சேர்' என்ற கட்டளையை மறந்துவிடுங்கள். கிட் உங்களுக்கு ஒரு திண்ணை கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் போகும் முன் உட்கார வைக்கிற இடம். ஒரு ஃபைலுக்குள்ளேயே இந்தத் துண்டு வேண்டும், அந்தத் துண்டு வேண்டாம் என்று பொறுக்கித் திண்ணையில் ஏற்றலாம். ஏற்றிய பிறகு, திண்ணையில் இருப்பதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அதுதான் உள்ளே போகப் போகிறது.

2. அழகுபடுத்துவதைத் தனி கமிட்டாகச் செய்யுங்கள். இடைவெளி திருத்தமும் நிஜத் திருத்தமும் கலந்தால், வைக்கோல் போரில் ஊசி. ஒரு ஃபைலே முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் வரி முடிவுக் குறிதான் காரணம். விண்டோஸ் வரியை முடிக்க இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். 'இடைவெளியைக் கண்டுகொள்ளாதே' பட்டன் நல்லது. ஆனால் பைதான் மொழியில் இடைவெளிக்கே அர்த்தம் உண்டு. அங்கே அந்தப் பட்டனை நம்பாதீர்கள்.

3. முதலில் ஃபைல் பட்டியலைப் பாருங்கள். கல்யாணத்துக்கு அழைக்காத ஆசாமி யாராவது பந்தியில் உட்கார்ந்திருக்கிறாரா? 'இந்த ஃபைலை நான் தொடவே இல்லையே' என்றால் அங்கே நில்லுங்கள்.

4. பச்சை வரி ஒவ்வொன்றையும் பார்த்து, 'நீ எதற்கு வந்தாய்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வரி வெளியே போகட்டும். சோதனைக்குப் போட்ட நம்பர், 'இங்கே வந்துவிட்டேன்' என்று திரையில் எழுதுகிற வரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக பாஸ்வேர்டு! பாஸ்வேர்டோடு கமிட் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் எடுத்துவிட்டேன் என்பது பிரயோஜனமில்லை. சரித்திரத்தில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும்.

5. சிவப்பையும் படியுங்கள். பச்சையில் நமக்குப் பெருமை, அதனால் பார்ப்போம். சிவப்பில் போனது யாரோ ஒருவர் ஏதோ காரணத்தோடு எழுதின வரியாக இருக்கலாம்.

புரோகிராம் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆபீஸ் நண்பர்களுக்கும் இது உண்டு. வேர்டில் 'ரிவ்யூ' பகுதியில் 'கம்பேர்' என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் புது வாடகை ஒப்பந்தத்தை அனுப்பி, "பழசுதான் தம்பி, தேதி மட்டும் மாத்தியிருக்கேன்" என்றால், கையெழுத்துக்கு முன் இரண்டையும் அதில் கொடுத்துப் பாருங்கள். தேதி மட்டும்தான் மாறியிருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பத்து நாள் கழித்து ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அன்றைய பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தேன். முதல்நாள் மாலை ஆறு மணிக்கு அவர் நம்பருக்கு மெசேஜ் போயிற்றா என்று மூன்று தடவை பார்த்தேன். போயிருந்தது. அப்புறம் ரிசப்ஷனில் சொல்லி, போனும் செய்யச் சொன்னேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா கதவைப் பூட்டி, இரண்டு இழு இழுத்துவிட்டு இறங்கினார். நான் கடைசியாக இறங்குகிறவன், என்னையறியாமல் பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன்.

"வந்துட்டான்யா வாரிசு!" என்றாள் அம்மா ஆட்டோவிலிருந்து.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. ஆட்டோ தெருமுனை திரும்பும்போதுதான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஏண்டா, ரெண்டு பேரும் பூட்டையே இழுத்துக்கிட்டு இருந்தோமே... அடுப்படி ஜன்னலைச் சாத்தினியா?"

மாறியதைத்தான் அந்தத் திரை காட்டும். மாற்ற மறந்ததை நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோவைத் திருப்பச் சொன்னோம்.